ஜேக்கப் மென்டெஸ் டா கொஸ்தா

ஜேக்கப் மென்டெஸ் டா கொஸ்தா (பெப்ரவரி 7, 1833 - செப்டம்பர் 1900) பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ் பெற்ற அமெரிக்க மருத்துவர்களுள் ஒருவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட படைவீரர்களிடம் காணப்பட்ட, காரணம் விளங்காத நீடித்த நோயொன்றை விரிவாக ஆராய்ந்தவர். "படைவீரர் இதயம்" எனப்பட்ட அந்நோய் பின்னர் "டா கொஸ்தா நோய்" என இவர் பெயராலும் வழங்கலாயிற்று.

இளமையும் கல்வியும்

கரீபியக் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தார். அத்தீவு அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது; 1917 இல் அமெரிக்காவின் வசமானது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பள்ளிக் கல்வி கற்றார். 1852 இல் பிலடெல்பியாவில் உள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பாரிஸ், வியன்னா ஆகிய நகரங்களில் மேலும் பயின்றார். நோயறிதல் குறித்து 1864 இல் இவர் வெளியிட்ட பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது.

போர்க்கால ஆய்வு

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பிலடெல்பியாவில் நரம்பு நோயுற்ற வீரர்களுக்கென டர்னர்ஸ் லேன் இராணுவ மருத்துவமனை அமைக்கப்பட்டபோது, அங்கு இதயக் கோளாறு உடையோரைக் கவனிக்கும் பொறுப்பு டா கொஸ்தாவுக்குக் கிடைத்தது.

அங்கு வந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தது. சில மாதங்கள் களத்தில் பணியாற்றிய வீரனுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ ஏற்படும். குணமடைந்து படைக்குத் திரும்புவான். ஆனால் முன்போல அணிவகுத்து நடக்க இயலாது. மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், இடப்பக்கம் வலிக்கும், தலை சுற்றும், உறக்கம் கெடும். சுமக்கும் தளவாடமே அவனை அழுத்தும். பார்வைக்கோ நலமாகவே தோன்றுவான்.

இவ்விடத்தில் அக்காலச் சூழலையும் கருத வேண்டும். போர்க்களத்திலிருந்து தப்ப நோயாளிபோல் நடிப்பவர்களைக் கண்டுபிடிப்பதும் இராணுவ மருத்துவர்களின் கடமையாக இருந்தது. இதே மருத்துவமனையின் மருத்துவர்கள் போலி நோயை இனங்காணும் வழிகள் பற்றித் தனியே கட்டுரை எழுதியுள்ளனர். உடலில் காயமில்லாத, காது வைத்துக் கேட்டால் இதயத்தில் பெரிதாகக் குறையொன்றும் தெரியாத ஒருவனை நம்புவதா என்பது எளிய கேள்வியன்று. நம்பாவிட்டால் அவன் மீண்டும் களத்துக்கு அனுப்பப்படுவான். இதய மின்வரைவு போன்ற கருவிகள் அன்று இல்லை. நாடித்துடிப்பை எண்ணியும், நோயாளி கூறியதைப் பொறுமையாகக் கேட்டுப் பதிந்துமே டா கொஸ்தா முடிவுக்கு வந்தார். நோய் மெய்யானது என்பதே அம்முடிவு.

முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த இவர், போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1871 இல் தம் கட்டுரையை வெளியிட்டார். கடுமையான களப்பணி, நெடுநடை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவை நோய்க்கு முன்னோடிகளாக அமைந்ததைக் காட்டினார். ஓய்வும் டிஜிட்டாலிஸ் மருந்தும் இவரது சிகிச்சையில் முதன்மை பெற்றன. நோயிலிருந்து எழுந்தவரை உடனே களப்பணிக்கு அனுப்பலாகாது, தளவாடங்கள் உடலை இறுக்கலாகாது என்றும் அறிவுறுத்தினார். இந்நோய் இதயத்தின் செயற்பாட்டுக் கோளாறு என்பது இவர் கருத்து. அக்கருத்து முழுமையாக நிலைக்கவில்லை. அவரது விவரிப்பு மட்டும் நிலைத்தது.

பிற்கால வாழ்க்கை

1872 முதல் 1891 வரை ஜெபர்சன் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியராக இருந்தார். பிலடெல்பியா மருத்துவர் கல்லூரியின் தலைவராகவும் பணியாற்றினார்.

அவருக்குப் பின்

முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் பல்லாயிரவர் இதே குறிகளுடன் திரும்பினர். இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதற்கு "உழைப்பு நோய்க்குறி" எனப் பெயரிட்டார். 1941 இல் பால் வுட் என்பவர் இது இதய நோயே அன்று, அச்சத்தில் வேர்கொண்ட மனநிலைக் கோளாறு என்று வாதிட்டார். அதன்பின் டா கொஸ்தாவின் பெயர் மருத்துவ வழக்கிலிருந்து மெல்ல மறைந்தது.

1991 வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்கர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். அவர்களுள் பலர் தீராத களைப்பு, மூட்டு வலி, மறதி எனக் கூறியபோது பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. 1996 இல் வெளிவந்த மருத்துவ மீளாய்வு ஒன்று, போர்க்கால நோய்களின் வரிசையை டா கொஸ்தாவின் காலத்திலிருந்தே தொடங்கியது. போர் அச்சமே காரணம் என்ற விளக்கத்தை 2008 இல் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு ஏற்கவில்லை. நரம்பு நச்சுக்கு எதிராக வீரர்களுக்குத் தரப்பட்ட மாத்திரைகளும் பூச்சிக்கொல்லிகளும் காரணிகள் எனவும், வளைகுடாவுக்குச் சென்றவர்களில் நால்வரில் ஒருவர் பாதிக்கப்பட்டுள்ளார் எனவும் அக்குழு அறிவித்தது.