முதலில் தனக்கு, பிறகு நாட்டுக்கு

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி அதிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்றுகொண்டிருந்த விரைவு ரயில், அரியலூரைக் கடந்த சிறிது நேரத்தில் மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளானது. கனமழையால் பெருக்கெடுத்த வெள்ளம் பாலத்தைச் சேதப்படுத்தியிருந்தது. என்ஜினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகளும் ஆற்றுக்குள் சரிந்தன. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அப்போது மத்திய ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, விபத்துக்குத் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பு, அன்றைய ஹைதராபாத் மாநிலத்தின் மஹபூப்நகர் அருகே பாலம் ஒன்று இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அவர் விலகல் கடிதம் அளித்திருந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு சாஸ்திரி தனது முடிவில் உறுதியாக நின்றார். நேரு அதனை ஏற்றுக்கொண்டபோது, விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்பதால் அல்ல, நாடாளுமன்ற ஜனநாயகத்தில் ஒரு நன்மரபு உருவாக வேண்டும் என்பதாலேயே ஏற்பதாக மக்களவையில் விளக்கினார்.

அதன் பிறகு நாட்டில் எங்கு பெரிய ரயில் விபத்து நேர்ந்தாலும் சாஸ்திரியின் பெயர் ஒலிக்கிறது. எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர்கள் அவரை நினைவூட்டுகிறார்கள். ஆளும் வரிசையில் இருப்பவர்கள் மௌனம் காக்கிறார்கள். தேர்தலுக்குப் பின் இருக்கைகள் மாறினால் நினைவூட்டுபவர்களும் மௌனம் காப்பவர்களும் இடம் மாறிக்கொள்கிறார்கள். சாஸ்திரியோ அந்த அளவுகோலை எவரிடமும் நீட்டியவர் அல்லர். தன்னை அளந்துகொள்ளவே அதைப் பயன்படுத்தினார். அந்தப் பதவி விலகல் ஒரு நாளில் பிறந்த முடிவன்று. அதற்குப் பின்னால் ஐம்பதாண்டு வாழ்க்கை இருந்தது.

1904-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி முகல்சராயில் பிறந்தவர் அவர். ஆசிரியராக இருந்து பின்னர் வருவாய்த் துறை எழுத்தரான தந்தை, மகனுக்கு இரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே காலமானார். தாய் ராம்துலாரி தேவி, பிறந்த வீட்டின் ஆதரவில் பிள்ளைகளை வளர்த்தார். பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை இளமையிலேயே துறந்தார் லால் பகதூர். 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுப் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர் காசி வித்யாபீடத்தில் பயின்று 1925-இல் பட்டம் பெற்றார். அங்கு வழங்கப்பட்ட 'சாஸ்திரி' என்னும் பட்டமே அவரது பெயரின் பகுதியாக நிலைத்தது.

1928-இல் மிர்சாபூரைச் சேர்ந்த லலிதா தேவியை மணந்தபோது, சீதனமாக அவர் பெற்றுக்கொண்டது ஒரு ராட்டையும் சில கஜம் கதர்த் துணியும் மட்டுமே. லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் பணியாளர் சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்து, அது தந்த சிறு உதவித்தொகையில் குடும்பம் நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

அந்தச் சிறை நாள்களில் நிகழ்ந்த ஒன்றை அவரது வாழ்க்கையை எழுதியோர் தவறாமல் குறிப்பிடுகின்றனர். மகள் கடும் நோயுற்றிருந்ததால் 15 நாள் பரோல் கிடைத்தது. அவர் வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. இறுதிச் சடங்குகளை முடித்த சாஸ்திரி, பரோல் நாள்கள் மீதமிருந்தும் சிறைக்குத் திரும்பிவிட்டார். எதற்காக அனுமதி பெற்றோமோ அந்தக் காரணம் முடிந்துவிட்டது என்பதே அவரது கணக்கு. மற்றொரு முறை மகன் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் அனுமதி கிடைத்தது. வாரம் முடிந்தும் காய்ச்சல் தணியவில்லை. குடும்பத்தார் மன்றாடியும், கொடுத்த வாக்கின்படி சிறைக்குச் சென்றார். இதனைக் கல்மனம் என்று கூறுவோரும் உண்டு. ஆனால், வாக்குறுதியின் வரம்பைத் தன் வசதிக்கேற்ப நீட்டிக்கொள்ளாத மனப் பயிற்சி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சிகளில் விடை இருக்கிறது.

விடுதலைக்குப் பின் உத்தர பிரதேசத்தில் கோவிந்த வல்லப பந்த் அமைச்சரவையில் காவல், போக்குவரத்துத் துறைகளைக் கவனித்தார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பேருந்துகளில் பெண்களை நடத்துநர்களாக நியமித்தார். அந்நியர் ஆட்சியில் போலீஸின் தடியை எதிரே நின்று பார்த்த ஒருவர், அந்தத் தடி தன் அதிகாரத்தின்கீழ் வந்தபோது செய்த முதற்காரியங்களில் ஒன்று அதன் வீச்சைக் குறைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1952-இல் மத்திய ரயில்வே அமைச்சரானார். ரயிலின் மிக உயர்ந்த வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளியைக் குறைப்பதில் அவருடைய கவனம் இருந்தது. அந்தப் பணி நடந்துகொண்டிருந்தபோதுதான் மஹபூப்நகரும் அரியலூரும் நிகழ்ந்தன.

இங்கு நியாயமான கேள்வி ஒன்று எழும். அமைச்சர் விலகியதால் பாலம் வலுப்பெற்றுவிடுமா? தவறைச் சரிசெய்யும் திறனுடையவர் பதவியில் தொடர்வதல்லவா நாட்டுக்கு நல்லது? சாஸ்திரி விலகிய நாளிலும் இக்கேள்வி எழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அவர் நீடிக்க வேண்டும் என்று நேருவிடம் வற்புறுத்தியதாகவும் அக்காலச் செய்திகள் கூறின. ஆயினும், பதவி விலகல் பாலத்தைச் செப்பனிடாவிட்டாலும் வேறொன்றைச் செப்பனிடுகிறது. உயரத்தில் இருப்பவருக்குப் பொறுப்பும் உண்டு என்னும் நம்பிக்கையே அது. மேலே இருப்பவர் பொறுப்பைக் கீழே தள்ளினால், கீழே இருப்பவர் அதனை இன்னும் கீழே தள்ளுவார். இறுதியில் இருட்டில் விளக்கைப் பிடித்துத் தண்டவாளத்தில் நடக்கும் கடைநிலை ஊழியரின் தலையில் அது வந்து விழும். சாஸ்திரி அந்தச் சரிவைத் தன் மேசையிலேயே நிறுத்தினார்.

தனிமனித நேர்மை மட்டுமே ஆட்சியைத் தூய்மையாக்கிவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கவும் இல்லை. 1961-இல் உள்துறை அமைச்சரான அவர், அரசுத் துறைகளில் ஊழலைத் தடுக்கும் வழிகளை ஆராய 1962-இல் ஒரு குழுவை அமைத்தார். அதன் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம். அக்குழுவின் பரிந்துரையால் உருவானதே மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். மத்திய புலனாய்வுப் பிரிவு 1963 ஏப்ரலில் தொடங்கப்பட்டதும் சாஸ்திரி உள்துறையில் இருந்தபோதுதான். தன் கை சுத்தமாக இருந்தால் போதும் என்றிருந்துவிடாமல், பிறர் கைகளைக் கண்காணிக்கும் அமைப்புகளையும் கட்டியெழுப்பினார்.

அதே ஆண்டு, மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் காமராஜரின் திட்டத்தை ஏற்று மீண்டும் விலகினார். அதே காமராஜர்தான், நேருவின் மறைவுக்குப் பின் காங்கிரஸ் தலைவராக இருந்து கருத்தொற்றுமையை உருவாக்கி, சாஸ்திரியைப் பிரதமர் பதவிக்குக் கொண்டுவந்தார். 1964 ஜூன் 9-ஆம் தேதி அவர் பொறுப்பேற்றார். சிறிய உருவம், மெல்லிய குரல், நேருவின் ஆளுமைக்குப் பிறகு எழுந்த ஒப்பீடு ஆகியவை அவருக்கு எதிராக நின்றன. இவரால் முடியுமா என்னும் ஐயம் வெளிப்படையாகவே பேசப்பட்டது.

அந்த ஐயத்தை 1965-ஆம் ஆண்டு சோதித்தது. நாட்டில் கடும் உணவுப் பற்றாக்குறை. அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த நிலையில், அந்நாடு தன் உதவியை இறுக்கிப் பிடித்தது. எல்லையில் பாகிஸ்தானுடன் போர். வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு மக்களிடம் கேட்க எண்ணினார் சாஸ்திரி. ஆனால், நாட்டிடம் கேட்பதற்கு முன்பு தன் வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரியாமல் இருக்கச் செய்து பார்த்தார். தன் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்த பிறகே வானொலி வழியாக நாட்டு மக்களின் பிள்ளைகளிடம் அதனைக் கேட்டார். திங்கள்கிழமை மாலைகளில் உணவகங்கள் பலவும் மூடப்பட்டன. எண்ணற்ற குடும்பங்கள் விரதம் பூண்டன. அரசு இல்லத்துப் புல்வெளியை உழுது பயிரிட்டார். படைவீரரையும் உழவரையும் ஒரே வரியில் போற்றும் அவரது முழக்கம் நாடெங்கும் பரவியது.

ஒரு வேளை பட்டினியால் பற்றாக்குறை தீர்ந்துவிடாது என்பதை அவர் அறிவார். ஆகவேதான், உருக்குத் துறையில் இருந்த சி. சுப்பிரமணியத்தை உணவு, வேளாண் துறைக்குக் கொண்டுவந்து, புதிய கோதுமை ரகங்களை இறக்குமதி செய்யும் அவரது முயற்சிக்குத் துணை நின்றார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1964 அக்டோபரில் குஜராத்தின் ஆனந்த் பகுதிக்குச் சென்றபோது ஒரு சிற்றூரில் விவசாயியின் வீட்டில் இரவு தங்கி, பால் கூட்டுறவுச் சங்கம் எப்படி இயங்குகிறது என்று ஊராரிடம் கேட்டறிந்தார். அடுத்த ஆண்டு தேசியப் பால்வள வாரியம் பிறந்தது. குரியன் அதன் தலைவரானார். மக்களிடம் தியாகத்தைக் கேட்ட அதே நேரத்தில், அந்தத் தியாகம் என்றென்றும் தேவைப்படாதிருக்க வழியும் தேடினார்.

அவரது ஆட்சியில் குறையே இல்லை என்று தமிழர்கள் சொல்ல முடியாது. 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழகம் கொந்தளித்தபோது, தில்லி அதன் ஆழத்தை உணரத் தாமதித்தது. பலர் உயிரிழந்தனர். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். அதன் பிறகே, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்னும் நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று சாஸ்திரி பிப்ரவரி 11-ஆம் தேதி வானொலியில் அறிவித்தார். 1967-இல், அவரது மறைவுக்குப் பின், அது சட்டத் திருத்தமானது. தாமதம் அவரது குறை. ஆனால், நிலைமையை உணர்ந்தபின் கௌரவம் பார்த்துப் பிடிவாதம் காட்டாமல் இறங்கி வந்தது அவரது பண்பு.

பிரதமராக இருந்தபோது குடும்பத்துக்கென ஒரு ஃபியட் கார் வாங்க விரும்பினார். விலை ஏறத்தாழ 12,000 ரூபாய். கையில் இருந்ததோ 7,000. மீதிக்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் பெற்றார். 1966 ஜனவரி 10-ஆம் தேதி தாஷ்கண்டில் பாகிஸ்தானுடன் உடன்பாட்டில் கையெழுத்திட்ட சில மணி நேரத்தில் அவர் காலமானபோது, அந்த 5,000 ரூபாய்க் கடன் எஞ்சியிருந்தது. லலிதா தேவி தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அதனை அடைத்தார். அவர் பிரதமராக இருந்த காலம் ஏறத்தாழ 19 மாதங்கள். மறைவுக்குப் பின் பாரத ரத்னா விருது பெற்ற முதல் மனிதர் அவரே.

சாஸ்திரியை எளிமையின் உருவமாக மட்டும் போற்றி நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியானது. எளிமையான உடையை எவரும் அணிந்துகொள்ளலாம். படம் எடுக்கும் நேரத்துக்கு ஏரையும் பிடிக்கலாம். அவரிடம் கற்க வேண்டியது, அவர் கடைப்பிடித்த வரிசையை. பிறரிடம் எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் தன்னிடம், அடுத்து தன் வீட்டாரிடம், அதன் பிறகே நாட்டிடம் கேட்டார். பொறுப்பை ஏற்பதில் முன்னே நின்றவர், சலுகையைப் பெறுவதில் பின்னே நின்றார். ஒரு வேளை உணவை விடச் சொன்னபோது கோடிக்கணக்கானோர் அவரை நம்பியதற்குக் காரணம் அந்த ஒரு வானொலி உரை மட்டுமன்று. அரியலூரில் ஒருமுறை பதவியை விட்டுக் காட்டிய மனிதர் கேட்கிறார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்த வரிசை பிரதமர்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் உரியதன்று. நேரம் தவறாமையை வற்புறுத்தும் தலைமை ஆசிரியருக்கும், சிக்கனத்தைக் கோரும் நிர்வாகிக்கும், கைப்பேசியைக் கீழே வைக்குமாறு பிள்ளையிடம் சொல்லும் பெற்றோருக்கும் பொருந்தும். அடுத்த விபத்தின்போது யார் விலக வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. என் பொறுப்பில் இருக்கும் பாலங்களை நான் எந்த அளவுக்குக் கவனிக்கிறேன் என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொண்ட பிறகு, அந்த உரிமைக்கு வலு கூடும்.