கப்பலேறாமற் பெற்ற இலண்டன் பட்டம்
விபுலாநந்த அடிகளார் வாழ்க்கை நமது இளைஞருக்குக் காட்டும் வழி

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்துவிட்டால் நமது ஊர் வீடுகளிலே ஒரு பேச்சு எழுகின்றது. பிள்ளையைக் கடல் கடந்த நாடொன்றின் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா, இங்கேயே இருந்து படிக்க விடுவதா என்பதே அப்பேச்சு. தகப்பனார் வயற்காணியை ஈடு வைக்கலாமா என்று எண்ணுகின்றார். தாயார் தமது நகைகளைக் கணக்குப் பார்க்கின்றார். பிள்ளையோ, போகாவிட்டால் வாழ்வு வீணாகிவிடும் என்று ஒரு நாளும், போய்விட்டால் பெற்றோரை யார் பார்ப்பார் என்று மறு நாளும் மயங்குகின்றான். இம்மயக்கம் தீர உதவும் வாழ்க்கையொன்றைத் தேடி நாம் தொலைவிற் போகவேண்டியதில்லை. பாண்டிருப்பிலிருந்து தெற்கே நடந்து, கல்முனையையும் சாய்ந்தமருதையும் தாண்டினால் வருவது காரைதீவு. அவ்வூரிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்னும் பிள்ளையே பின்னாளில் முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்தர் என உலகம் போற்றும் பெரியாராயினார்.

சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதிகளின் மகனாகிய மயில்வாகனனார் ஊர்ப் பள்ளியில் எழுத்தறிந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், அதன்பின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1908ஆம் ஆண்டிலே, பதினாறு வயதளவில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். இன்றைய மாணவன் உயர்தரப் பரீட்சைக்குப் பின் நிற்கும் அதே முச்சந்தியிலே அன்று அவர் நின்றார்.

அக்காலத்து இலங்கையிலே பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்ததில்லை. பட்டம் பெற விரும்பியவன் கப்பலேறி இங்கிலாந்துக்கோ, பாக்குநீரிணையைக் கடந்து இந்தியாவுக்கோ போகவேண்டியிருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று படித்துத் திரும்பியவர். ஆனால் அத்தகைய பரிசில் விரல்விட்டு எண்ணத்தக்கோருக்கே கிடைத்தது. தாம் பெற்ற பேறு பிறருக்கும் உள்நாட்டிலேயே கிடைக்கவேண்டும் என்று கருதிய அருணாசலம் அவர்கள் 1906ஆம் ஆண்டிலே இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்னும் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். அவ்வியக்கம் பலன் தந்து கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது 1921ஆம் ஆண்டில்.

மயில்வாகனனார் அதுவரை காத்திருக்கவில்லை. தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியராகப் பணி ஏற்றார். 1911இல் கொழும்பு சென்று ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து பயிற்றப்பட்ட ஆசிரியராயினார். மீண்டும் மட்டக்களப்பில் இரண்டாண்டு கற்பித்தபின், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்று 1916இல் டிப்புளோமா பெற்றார். அதே ஆண்டில், பாண்டித்துரைத் தேவரால் 1901இல் நிறுவப்பெற்ற மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒரு கையில் விஞ்ஞானமும் மறு கையில் தொல்காப்பியமும் ஏந்தி நின்ற இளைஞரை அக்காலத்திலே காண்பது அரிது.

அதன்பின் அவர் மேற்கொண்டது இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டப் பரீட்சை. அப்பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல், தன் கல்லூரிகளிலே வந்து படிக்காதவரும் தன் பரீட்சைகளுக்குத் தோற்றலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தது. நாம் வெளிவாரிப் பட்டம் என்று வழங்குவது இவ்வழியையே. 1917 முதல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராக இருந்த மயில்வாகனனார், பகலிலே பிறருக்குக் கற்பித்துக்கொண்டு தாமும் கற்றார். 1920ஆம் ஆண்டிலே இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். தேம்ஸ் நதியைக் காணாமலே இலண்டன் பட்டம் பெற்றார்.

இவ்வழி எளிதென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஊதியத்துக்கு உழைக்கும் வேளைபோக எஞ்சிய வேளையிலேதான் படிப்பு. விரிவுரை மண்டபமும் கூடிப் படிக்கும் தோழரும் இல்லாதவனுக்குத் தன் மன உறுதியன்றி வேறு துணை இல்லை. கப்பலேறிச் சென்றவர் பணமாகச் செலவிட்டதை இவர் உறக்கமாகவும் ஓய்வாகவும் செலவிட்டார் என்றே சொல்லலாம்.

பட்டம் பெற்றதும் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவருக்குக் கிடைத்தது. இலண்டன் பட்டதாரிகள் அருகியிருந்த அந்நாளிலே உத்தியோகமும் வரும்படியும் மேன்மேலும் உயர வழியிருந்தது. அவரோ அந்நாட்களிலேயே, ஈழத்திலே தமிழ்ப் பரீட்சைகள் நடத்துவதற்கென யாழ்ப்பாணத்தில் எழுந்த ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை உருவாக்க உழைத்தவர்களுள் ஒருவரானார். மதுரைச் சங்கத்தின் பட்டம் பெற்ற ஒருவர், தமக்குப் பின் வருவோர் தம் நாட்டிலேயே பண்டிதராவதற்கு வழி செய்தார் என்பதை இளைஞர் கவனித்தல் வேண்டும்.

இனி, அடிகளார் ஊரைவிட்டு அசையாதவர் என்று கொள்வதும் பிழை. 1922இல் அதிபர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். அடுத்த ஆண்டிலே ஈழம் திரும்பி, இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணம் வைத்தீஸ்வர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி என்பன அவர் பார்வையிலே வளர்ந்தன. மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையிலே 1929இல் சிவாநந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அழைக்கவே, சிதம்பரம் சென்று அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1933 வரை பணியாற்றினார். பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து 1939 முதல் 1941 வரை பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராக விளங்கினார். 1943இல், ஓராண்டின் முன் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் தமிழுக்கு முதற் பேராசிரியரை நாடியபோது அவரையே அழைத்தது. அவர் வந்தார்.

இப்பயணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒவ்வொரு முறையும் அவர் போனது ஒரு கருமத்துக்காக. அக்கருமம் முடிந்ததும் கற்றதையும் பெற்றதையும் கொண்டு திரும்பினார். அவர் இலண்டன் பாடத்திட்டத்திற் கற்ற விஞ்ஞானமும் பட்டச் சான்றிதழோடு பெட்டியில் உறங்கவில்லை. 1936ஆம் ஆண்டு சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க வழி தேடிய மாநாடு அது. ஒலியின் இயல்பையும் சுருதிகளின் கணக்கையும் அறிந்த அறிவைக் கொண்டே, சிலப்பதிகாரம் சுட்டும் பழந்தமிழ் இசையின் மறைந்துபோன யாழ்களை ஆராய்ந்து யாழ் நூல் எழுதினார். பல ஆண்டுழைப்பின் பயனாகிய அந்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகளார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவரது சமாதி கல்லடியிலே, அவர் வளர்த்த சிவாநந்த வித்தியாலயத்தின் அருகிலே இருக்கின்றது.

அவர் விட்டுச் சென்ற பேராசிரியர் பீடத்துக்கு அவ்வாண்டிலேயே வந்தவர் க. கணபதிப்பிள்ளை அவர்கள். இவர் கடல் கடந்து இலண்டனுக்கே சென்று, தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். போகாமலே இலண்டன் பட்டம் பெற்றவர் தொடக்கிய பணியை, போய்ப் பெற்று மீண்டவர் தொடர்ந்தார். தமிழ் இருவராலும் வளர்ந்தது. ஆகவே போவது உயர்வு, இருப்பது தாழ்வு என்பதும், இருப்பது பற்று, போவது துரோகம் என்பதும் சிந்தியாதார் கூற்றாகும்.

இளைஞர்களே! அன்று மயில்வாகனனாருக்கு நாட்டிலே ஒரு பல்கலைக்கழகமும் இருந்ததில்லை. இன்று வடக்கே வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தெற்கே நிந்தவூரைத் தாண்டினால் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கல்லடியிலே அடிகளார் பெயராலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் நடைபெறுகின்றது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகமும் உண்டு. நீங்கள் விரும்பும் கல்வி இங்கே கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடையாதாயின், கிடைக்குமிடம் நாடிப் போங்கள். போகுமுன், அப்பட்டத்தை யார் ஏற்பார், பட்ட கடனை யார் தீர்ப்பார், கற்றதைக் கொண்டு எங்கே யாருக்கு உழைப்பீர்கள் என்னும் மூன்றுக்கும் விடை கண்டு வையுங்கள். அயலான் மகன் போனான் என்பது இம்மூன்றுக்கும் விடையாகாது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெளிநாட்டிற் படிக்கும் பிள்ளையைக் கலியாணப் பேச்சிலும் கோயில் முற்றத்திலும் உயர்த்திப் பேசி, ஒலுவிலுக்குப் பஸ்ஸிற் போய்வரும் பிள்ளையைக் கண்டும் காணாதவர்போல் நடந்துகொண்டால், நமது காணிகளை ஈட்டுக்கு அனுப்புவது நமது நாவே. அதுபோல, கற்றுத் திரும்பும் பிள்ளைக்கு ஊரிலே ஓர் இடமும் மதிப்பும் கொடாதிருந்துவிட்டு, அவன் திரும்பவில்லையே என்று குறைகூறுவதும் முறையன்று. அடிகளார் திரும்பி வந்தபோது அவர் கையிலே பாடசாலைகளை நம்பிக் கொடுத்தது இந்நாட்டுச் சமூகமே.

போகத் துணிந்த பிள்ளைக்குத் திரௌபதை அம்மன் சந்நிதியிலே நேர்த்தி வைத்து வாழ்த்தி விடை கொடுப்போம். இருந்து படிக்கத் துணிந்த பிள்ளைக்கு மேசையும் விளக்கும் அமைதியும் கொடுப்போம். இருவரிடமும் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: கற்ற கல்வி பெற்ற மண்ணுக்குப் பயன்படட்டும்.