வட்டம் தேடி வந்த வாலிபர்

கடலூர் மாவட்டத்தில் மங்களூர் என்று ஓர் ஊர் உண்டு. அதற்கு அண்மையில் உள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது.

சக்கரத்தில் களிமண்ணை வைத்துச் சுற்றினால் வட்டம் பிறக்கும். மரத்தை அறுத்தால் உள்ளே வட்டம். குளத்தில் கல் விழுந்தால் அங்கேயும் வட்டம்!

கணக்குப் பாடத்தின் பெயர்கள் தொழிலிலும் வழங்குபவைதாம். வட்டத்தின் நடுவே குறுக்காகச் செல்லும் கோடு விட்டம். வீட்டுக் கூரையைத் தாங்கும் மரமும் விட்டம். வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால், வட்டத்தில் ஆரம். வில்லிலும் நாண், வட்டத்திலும் நாண். தாலுகாவுக்கும் வட்டம் என்றே பெயர்.

இந்த இரண்டு வட்டங்களையும் தேடி அலைந்தார் ஓர் ஏழை வாலிபர். அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

சிலேட்டும் முழங்கையும்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர்.

ராமானுஜனுக்குக் கணக்கே உயிர். மற்ற பாடங்களில் மனம் செல்லவில்லை. கல்லூரியில் உபகாரச் சம்பளம் நின்றது. எப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்றார். 1909-ல் திருமணம் ஆயிற்று. காகிதம் வாங்கவும் காசு இல்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார்.

கிடைக்காத வேலை

அந்நாளில் விருத்தாசலமும் திருக்கோவிலூரும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி அய்யர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்.

1910-ல் ராமானுஜன் அவரைத் தேடிச் சென்றார். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிய அய்யர் திகைத்துப் போனார். ஆனால் வேலை கொடுக்கவில்லை!

இரக்கம் இல்லாமல் அல்ல. இப்படிப்பட்ட அறிவை ஆபீஸ் காகிதக் கட்டுகளுக்குள் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையும் கிடைத்தது.

ஓர் அங்குலம்!

ஒரு வட்டத்தின் பரப்பும் ஒரு சதுரத்தின் பரப்பும் சமமாக இருக்க வேண்டும். கவராயமும் நேர்ச்சட்டமும் மட்டும் கொண்டு அந்தச் சதுரத்தை வரைய முடியுமா? துல்லியமாக வரையவே முடியாது என்று 1882-லேயே நிரூபித்துவிட்டார்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பதை 1913-ல் ராமானுஜன் காட்டினார். பள்ளியில் 22/7 என்று படிக்கிறோம் அல்லவா? அவர் 355/113 என்ற அளவை வைத்து வரைந்தார். 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்துக்கு இப்படிச் சதுரம் வரைந்தால், பக்கத்தின் நீளத்தில் சுமார் ஓர் அங்குலமே மிகும். அந்த வட்டம் தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு!

1914-ல் அவர் இங்கிலாந்து சென்றார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோயோடு திரும்பி, 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, 32-ம் வயதில் காலமானார்.

தாலுகா வட்டத்துக்குள் அடங்கிப் போயிருக்க வேண்டியவர், உலக வட்டத்தில் புகழ் பெற்றார். அன்று கிடைக்காத வேலையே அதற்கு வழி திறந்தது.