கண் தெரியாத மாஜிஸ்திரேட்

18-ம் நூற்றாண்டில் லண்டன் நகரில் திருடர்களின் கொட்டம் அதிகம். இருட்டிய பிறகு வெளியே போகவே மக்கள் அஞ்சினார்கள். அந்தத் திருடர்களைக் கலங்க வைத்தவர் கண் தெரியாத ஒருவர். அவர்தான் சர் ஜான் பீல்டிங்.

ஜான் 1721-ம் ஆண்டில் பிறந்தார். 19 வயதில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். ஆனாலும் மனம் தளரவில்லை. சட்டம் கற்றார். பெரிய நாவலாசிரியரான அவருடைய அண்ணன் ஹென்றி பீல்டிங், போ ஸ்ட்ரீட்டில் மாஜிஸ்திரேட்டாக இருந்தார். 1754-ல் ஹென்றிக்குப் பிறகு ஜான் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

அந்த நாளில் லண்டன் முழுவதற்கும் ஒரே போலீஸ் படை கிடையாது. ஓர் ஊரில் திருடியவன் அடுத்த ஊருக்கு ஓடினால் தப்பிவிடுவான். அங்குள்ள மாஜிஸ்திரேட்டுக்கு அவன் யார் என்றே தெரியாது!

ஜான் இதற்கு வழி கண்டார். பொருளைப் பறிகொடுத்தவர்கள் உடனே தம்மிடம் வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டார். களவுபோன பொருளின் அடையாளம் பத்திரிகையில் வெளிவரும். அடகுக் கடைக்காரர்கள் உஷாராவார்கள். போ ஸ்ட்ரீட் ஆட்கள் திருடனைத் துரத்துவார்கள். பிடிபட்டவனை ஜான் விசாரிப்பார்.

1772-ல் இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்தார். வெளியூர் மாஜிஸ்திரேட்டுகள் தப்பியோடியவர்களின் அடையாளங்களை எழுதி அனுப்பினார்கள். ஜான் அவற்றை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார்.

குரலைக் கேட்டே 3,000 திருடர்களை அவர் கண்டுகொள்வார் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

1780-ல் ஜான் காலமானார். தமக்குப் பார்வை இல்லாவிட்டாலும், பல ஊர்களின் கண்களை ஒன்றுசேர்த்துக் குற்றவாளிகளைத் தேட வைத்தவர் அவர்.