கடைக்காலுக்கு முன்பு...

பெருநகரங்களில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்குக் கடைக்கால் தோண்டும்போது வெளியேறும் மண்ணை நாம் வெறும் மண்ணாகவே பார்க்கிறோம். அது லாரிகளில் ஏறிப் போய்விடுகிறது. அந்த மண்ணில் ஒரு நகரத்தின் பிறப்புச் சான்று இருக்கக்கூடும் என்பதை நம்பி, கட்டுமானம் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிட வேண்டும் என்று தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் டபிள்யூ.எஃப். கிரைம்ஸ்.

வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் நகரில் 1905 அக்டோபர் 31-இல் பிறந்தவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிரைம்ஸ். இருபத்தோராவது வயதில் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் பணியில் சேர்ந்த அவர், 1938-இல் பிரிட்டனின் நில அளவைத் துறையில் உதவித் தொல்லியல் அலுவலரானார். மறு ஆண்டு சட்டன் ஹூ என்ற இடத்தில் ஆங்கிலோ-சாக்சன் காலத்து ஈமக் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் பொன் அணிகலன்களைச் சேதமின்றி மண்ணிலிருந்து எடுத்த கைகளில் அவருடைய கைகளும் இருந்தன.

இரண்டாம் உலகப் போர் அவருக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. விமான தளங்களுக்காகவும் ராணுவத் தேவைகளுக்காகவும் நிலங்கள் அவசரமாகச் சமப்படுத்தப்பட்டன. அழியவிருந்த இடங்களை முன்கூட்டியே ஆய்வு செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1944-இல் ஹீத்ரூவில் ஓடுபாதை அமைவதற்கு முன் அவர் நடத்திய அகழாய்வில், இரும்புக் காலக் குடியிருப்பு ஒன்றும் கோயில் போன்ற ஒரு கட்டடத்தின் அடிச்சுவடும் வெளிப்பட்டன. இன்று அந்த இடம் உலகின் பரபரப்பான விமான நிலையங்களுள் ஒன்று. ஆய்வு நடந்திராவிட்டால் அப்படி ஓர் ஊர் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

1945-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநரானார் கிரைம்ஸ். அவருக்கு முன் அப்பொறுப்பை வகித்தவர், அதே ஆண்டில் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் ரோமானிய வணிகத்தின் தடயங்களை அகழ்ந்துகொண்டிருந்த மார்ட்டிமர் வீலர். ஒருவர் கடல் கடந்து வந்து தேடிய ரோமை, மற்றவர் லண்டன் தெருக்களின் அடியிலேயே தேட வேண்டியிருந்தது.

ஜெர்மானியக் குண்டுவீச்சு, ‘சிட்டி’ எனப்படும் பழைய லண்டனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்திருந்தது. இடிபாடுகளுக்குக் கீழே, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் நிறுவிய லொண்டினியம் உறங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் எழவிருந்த அலுவலகங்களுக்கோ ஆழமான நிலவறைகள் தேவைப்பட்டன. கட்டடம் எழுந்தால் வரலாறு அழியும். வரலாற்றுக்காகக் காத்திருந்தால், போரில் நொடிந்த நகரம் எழுந்து நிற்பது தள்ளிப்போகும். இந்த இக்கட்டைச் சமாளிக்க 1946-இல் ரோமானிய, இடைக்கால லண்டன் அகழாய்வு மன்றம் உருவானது. அதன் ஆய்வுகளை வழிநடத்தியவர் கிரைம்ஸ்.

அகழாய்வுக்கு இடமளிக்க வேண்டும் என்று நில உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அன்று இல்லை. கேட்டுப் பெற்ற அனுமதி, சிறிய குழு, குறைந்த நிதி ஆகியவையே கையிருப்பு. இடிந்த வீடுகளின் நிலவறைகளுக்குள் குழிகள் வெட்டினார்கள். நகரின் வடமேற்கில் ரோமானிய மதில் ஏன் விசித்திரமாக வளைந்து செல்கிறது என்பது நெடுங்காலப் புதிர். முதலில் எழுந்தது கிரிப்பிள்கேட் கோட்டை. பின்னர் கட்டப்பட்ட நகர மதில் அக்கோட்டையின் சுவர்களையே தன்னுள் இணைத்துக்கொண்டது என்று கண்டறிந்து அப்புதிரை விடுவித்தார் கிரைம்ஸ்.

1954-இல் அவர் பெயர் சாமானியர்களையும் எட்டியது. வால்புரூக் என்ற மறைந்துபோன ஓடையின் படுகையை ஆராய்வதற்காகத் தோண்டிய இடத்தில், எதிர்பாராமல் ஒரு கோயில் வெளிப்பட்டது. களப்பணியை மேற்பார்த்தவர் ஆட்ரி வில்லியம்ஸ். ஆய்வு முடிய வேண்டிய நாளான செப்டம்பர் 18-இல் மித்ரா தெய்வத்தின் பளிங்குத் தலை கிடைத்தது. செய்தி பரவியதும் மக்கள் திரண்டனர். அடுத்த சில நாள்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வந்ததாக மதிப்பிடப்படுகிறது. சர்ச்சிலின் அமைச்சரவையே கோயிலின் கதியை விவாதித்தது. கட்டட உரிமையாளர்கள் கூடுதல் அவகாசம் தந்தனர். அடுத்து வந்த நாள்களில் மேலும் சிற்பங்கள் கிடைத்தன.

ஆனாலும் கோயில் அதே இடத்தில் நிலைக்கவில்லை. கற்கள் பெயர்க்கப்பட்டு, 1962-இல் சற்றுத் தொலைவில், தரைமட்டத்தில், திசை மாறி அடுக்கப்பட்டன. அதை அகழ்ந்தெடுத்த கிரைம்ஸுக்கே அந்த மறுகட்டமைப்பில் நிறைவு இல்லை. மண்ணடுக்கிலிருந்து பிரிந்த கல், தன் கதையின் பாதியை இழந்துவிடுகிறது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

1956 முதல் 1973 வரை லண்டன் தொல்லியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த அவர், 1968-இல் தன் லண்டன் ஆய்வுகளைத் தொகுத்து நூலாக்கினார். எனினும் மித்ரா கோயில் பற்றிய முழு அறிக்கை, 1988 டிசம்பர் 25-இல் அவர் மறைந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரே வெளிவந்தது. தோண்டும் வேகத்துக்கு ஈடாக எழுத முடியாமல் போனது அவருடைய பணியின் குறை. அவசர அகழாய்வுகளுக்கே உரிய குறையும்கூட.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1990 நவம்பரில், இங்கிலாந்து அரசு புதிய திட்டமிடல் வழிகாட்டுதலை வெளியிட்டது. தொல்லியல் மதிப்புள்ள நிலத்தில் கட்டுவோர் முன்னதாக ஆய்வு செய்ய வேண்டும்; அதன் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்பது நடைமுறையானது. கிரைம்ஸ் கேட்டுக் கேட்டுப் பெற்ற அனுமதி, கட்டடம் கட்டுவோரின் கடமையாக மாறியது.

அதன் பயன் அதே வால்புரூக்கில் தெரிந்தது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 2010-க்குப் பின் புதியது எழும் முன் நடந்த முறையான ஆய்வில், நானூறுக்கும் மேற்பட்ட ரோமானிய மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கி.பி. 57-ஆம் ஆண்டைச் சேர்ந்த கடன் பத்திரம். 2017-இல் மித்ரா கோயிலும் புதிய கட்டடத்தின் அடியில், ஏறத்தாழ ஏழு மீட்டர் ஆழத்தில், மீண்டும் அமைக்கப்பட்டுப் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதன் மேல்தளங்களில் அலுவலகம் வழக்கம்போல் இயங்குகிறது.

வளர்ச்சியும் வரலாறும் பகைவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கட்டடம் சில மாதங்கள் காத்திருக்கலாம். ஒருமுறை அள்ளிக் கொட்டப்பட்ட மண்ணடுக்கை எந்தச் செல்வமும் மீட்டுத் தராது. எந்த நகரமானாலும் கடைக்காலுக்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: இந்த மண்ணைப் படித்துவிட்டோமா?