கல்யாண ஓலை!

மகான் ராமானுஜர் காஞ்சீபுரத்தில் மனைவியுடன் குடும்பம் நடத்தியவர். அந்தக் குடும்பம் ஏன் பிரிந்தது? வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது.

ராமானுஜர் 1017-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார். மனைவி பெயர் தஞ்சமாம்பாள். தந்தை இறந்த பின் குடும்பம் காஞ்சிக்கு வந்தது.

விருந்து

வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசித் தொண்டு செய்தவர் திருக்கச்சி நம்பி. வேறு சாதிக்காரர். ஆனாலும் ராமானுஜர் அவரைக் குருவாக மதித்தார். விருந்துக்கு அழைத்தார். நம்பி உண்டு மிஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்று ஆசை.

ராமானுஜர் வெளியே போன நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். தஞ்சமாம்பாள் மிச்சத்தைக் கொட்டினார். இடத்தைக் கழுவினார். தலை முழுகினார். அன்றைய ஆசாரம் அப்படி!

கிணற்றடி

பிறகு, குரு பெரிய நம்பி தம் மனைவியுடன் வந்து அதே வீட்டில் தங்கினார். ஒருநாள் கிணற்றடியில் குருபத்தினியின் குடத்து நீர் தஞ்சமாம்பாளின் குடத்தில் தெறித்தது. சண்டை மூண்டது. பெரிய நம்பி சொல்லாமலே ஸ்ரீரங்கம் புறப்பட்டார்.

கணவருக்குச் சாதி பெரிதாகப் படவில்லை. மனைவியோ பிறந்த வீட்டில் கற்ற ஆசாரத்தை விடவில்லை. வீடு இரண்டுபட்டது.

பிறந்த வீட்டில் கல்யாணம் என்று ஓர் ஓலையைத் தாமே ஏற்பாடு செய்து, மனைவியை அனுப்பி வைத்தார் ராமானுஜர். பின்பு கோயில் குளமான அனந்தசரஸில் நீராடிக் காவி உடுத்தினார். 2019-ல் அத்திவரதரை வெளியே எடுத்தார்களே, அதே குளம்தான்.

உலகம் அவரை எதிராஜர் என்று போற்றியது. 1137-ல் ஸ்ரீரங்கத்தில் மறைந்தார்.

கல்யாணத்துக்கு என்று புறப்பட்டுப் போன அந்த அம்மாளைப் பற்றி மட்டும் கதைகள் அதிகம் பேசுவதில்லை.