சொந்தமாக இருந்தபோதும் அரசுடைமையான பிறகும் ஏர் இந்தியாவைக் கைவிடாத ஜே.ஆர்.டி. டாடா

புது தில்லி: நாடாளுமன்ற உறுப்பினராக ஒருபோதும் இருந்திராத ஒருவரின் மறைவுக்காக அவை ஒத்திவைக்கப்படுவது அரிது. 1993 நவம்பர் 29-ம் தேதி ஜெனீவாவில், 89-வது வயதில் காலமான தொழிலதிபர் ஜே.ஆர்.டி. டாடாவுக்கு அந்த மரியாதை அளிக்கப்பட்டது. அவர் தொடங்கிய விமான நிறுவனத்தைச் சட்டம் இயற்றி அரசுடைமையாக்கியதும் இதே நாடாளுமன்றம்தான்.

மும்பையில் தாஜ் மகால் ஹோட்டலை ஜாம்ஷெட்ஜி டாடா திறந்தது 1903-ல். மறு ஆண்டு ஜூலை 29-ம் தேதி, அவருடைய உறவினரும் தொழில் கூட்டாளியுமான ரத்தன்ஜி தாதாபாய் டாடாவுக்கும் பிரெஞ்சுப் பெண்மணி சூசானுக்கும் பாரிஸில் பிறந்தவர் ஜஹாங்கீர். ஹோட்டல், இரும்பாலை, மின் உற்பத்தி என விரிந்துகொண்டிருந்த குடும்பத்தின் வாரிசு என்றாலும், சிறுவனின் மனம் வானத்திலேயே இருந்தது. 1909-ல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த பிளேரியோவின் கடற்கரை வீடு, டாடா குடும்பம் கோடையைக் கழித்த பிரெஞ்சுக் கிராமத்தில்தான் இருந்தது. அங்கு வந்து இறங்கிய விமானங்களைப் பார்த்தே அவர் வளர்ந்தார்.

முதல் உரிமம்

பிரெஞ்சு ராணுவத்தில் ஓராண்டு பணியாற்றிய பின், தந்தையின் அழைப்பை ஏற்று 1925-ல் ஊதியமில்லாத பயிற்சியாளராக டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை மறைந்தார். 1929-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 10-ம் தேதி, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசுக்காக 1930-ல் கராச்சியிலிருந்து புறப்பட்டார் டாடா. எதிர்த் திசையில் வந்த இளைஞர் ஆஸ்பி என்ஜினீயர், எகிப்தில் உதிரிப் பாகமின்றித் தவித்துக்கொண்டிருந்தார். தம்மிடம் இருந்த ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டியாளருக்குக் கொடுத்துவிட்டுப் பறந்தார் டாடா. சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு என்ஜினீயருக்குப் போனது. பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானவர் அவர்தான்.

கராச்சி முதல் சென்னை வரை

1932 அக்டோபர் 15-ம் தேதி, ஒற்றை என்ஜின் பொருத்திய பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டைகளுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பை ஜுஹு வந்து இறங்கினார் டாடா. அங்கிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றவர், இத் திட்டத்தின் கர்த்தாவான பிரிட்டிஷ் விமானி நெவில் வின்ட்சென்ட். ஆங்கிலேய அரசு மானியம் எதுவும் தரவில்லை. நாட்டின் முதல் விமானத் தபால் சேவை நிறுவனம் இவ்வாறு தனியார் முதலில்தான் பிறந்தது.

1938-ல், 34-வது வயதில் டாடா சன்ஸ் தலைவரானார். அவருடைய விமான நிறுவனம் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூனில் மும்பை - லண்டன் சேவை தொடங்கியபோது, புதிதாக அமைந்த ஏர் இந்தியா இன்டர்நேஷனலில் மத்திய அரசு 49 சதவீதப் பங்கு கொண்டிருந்தது.

கைமாறிய நிறுவனம்

1953-ல் விமானக் கழகச் சட்டத்தின் மூலம் நாட்டின் விமான நிறுவனங்கள் அனைத்தும் அரசுடைமையாயின. டாடா இதைக் கடுமையாக எதிர்த்தார். தம்மைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. ஆயினும் பிரதமர் நேரு கேட்டுக்கொண்டபோது, ஊதியமின்றித் தலைவர் பொறுப்பை ஏற்றார். அடுத்த 25 ஆண்டுகளில் விமானத்தின் திரைச்சீலை முதல் பயணிக்குத் தரும் தேநீர் வரை ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துக் குறிப்பு அனுப்பினார். 1960-ல் ஜெட் விமானத்தை இயக்கிய முதல் ஆசிய நிறுவனமானது ஏர் இந்தியா.

நேருவின் நண்பராக இருந்தும், ஜனநாயகத்துக்கு வலுவான எதிர்க்கட்சி தேவை என்று அவரிடமே தெரிவித்துவிட்டு, ராஜாஜியின் சுதந்திரா கட்சிக்கும் டாடா நிறுவன நிதி சென்றிட வழி செய்தார். அதே டாடா, நெருக்கடி நிலையின்போது அரசுக்கு ஆதரவாகக் கருத்துத் தெரிவித்து விமர்சனத்துக்கு ஆளானதும் உண்டு.

1978 ஜனவரி 1-ம் தேதி ஏர் இந்தியாவின் எம்பரர் அசோகா விமானம் மும்பைக்கு அருகே கடலில் விழுந்து 213 பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு டாடாவைப் பதவியிலிருந்து நீக்கியது. தமக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட விமானப் படை முன்னாள் தளபதி பி.சி. லால் கூறித்தான் இச் செய்தியை அவர் அறிந்தார். பிரதமரின் கடிதம் பிறகே வந்தது. நிர்வாக இயக்குநர் அப்புசாமி எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். 1980-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்த இந்திரா காந்தி, டாடாவை இயக்குநர் குழுவில் சேர்த்தார். தலைவர் பதவி திரும்பவில்லை.

1982 அக்டோபர் 15-ம் தேதி, 78 வயதில், பழைய லெப்பர்ட் மாத் விமானத்தைத் தாமே ஓட்டிக் கராச்சியிலிருந்து மும்பைக்கு வந்து, முதல் பயணத்தின் பொன் விழாவைக் கொண்டாடினார். 1992-ல் பாரத ரத்னா விருது பெற்றார். மறு ஆண்டு மறைந்தபோது, பிறந்த பாரிஸ் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

2022 ஜனவரி 27-ம் தேதி ஏர் இந்தியா மீண்டும் டாடா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரசுத் துறையா, தனியார் துறையா என்ற விவாதத்தில் இரு தரப்பினரும் டாடாவையே சாட்சிக்கு அழைப்பதுண்டு. மானியமின்றித் தொடங்கியதை ஒரு தரப்பு சுட்டும். அந் நிறுவனம் உலகப் புகழ் பெற்றது அரசுடைமையாக இருந்த காலத்தில்தான் என மறு தரப்பு சொல்லும். இரண்டும் உண்மை. இரு காலத்திலும் பொறுப்பில் இருந்தவர் அவர் ஒருவரே என்பதும் உண்மை.